அரசு கவரேஜ் இருந்தும் பெரியவங்க ஏன் தனியார் இன்சூரன்ஸ் கட்டுறாங்க?

வைகை:
வணக்கம். அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, அரசு காப்பீடு இருக்கு, ஆனாலும் பழைய தனியார் பாலிசிய விடவே மாட்டேங்குறாங்க, பிரீமியம் வேற வருஷா வருஷம் ஏறுது. வெறும் பயமா இல்ல நிஜமாவே தேவையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தென்றல்:
பயம் மட்டும் இல்லங்க. அரசு கவரேஜ்னா முழுசா குடுத்துரும்னு நெனைக்கிறோம், பல நாட்டுல அப்படி இல்ல. அமெரிக்கால 65 வயசானா மெடிகேர் உண்டு, 1965ல சட்டமான திட்டம், ஆனா டாக்டர் ஃபீஸ், ஸ்கேன், வெளிநோயாளியா போட்டுக்குற கீமோ இதுக்கெல்லாம் பொதுவா 20 சதவீதம் நம்ம கைக்காசு, அதுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பும் கிடையாது. ஒரு தடவ டாக்டர பாக்க 20 சதவீதம் பெருசா தெரியாது, மாசக்கணக்குல கீமோ போனா சேமிப்பே போயிடும். அந்தப் பள்ளத்த மூடத்தான் மெடிகாப்னு தனியார் பாலிசி வாங்குறாங்க. பிரான்ஸ்லயும் டாக்டர் ஃபீஸ்ல அரசு பங்கு 70 சதவீதம்தான்.

கயல்:
காசு ஒரு பக்கம், காத்திருப்பு இன்னொரு பக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியால பொது ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு காசு வாங்க மாட்டாங்க, ஆனா மூட்டு மாத்துறது, கண்புரை மாதிரி அவசரமில்லாத கேஸ்னா வரிசைல நிக்கணும். நாப்பது வயசுல ஒரு வருஷம் பொறுத்துக்கலாம். எழுபத்தஞ்சுல முட்டி வலிக்குதுன்னு நாற்காலியிலயே உக்காந்திருந்தா தொடை சதை வத்திப் போகுது, அப்புறம் ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் எந்திரிச்சு நடக்க ரொம்ப கஷ்டப்படுறாங்க. அவங்களுக்கு காலம்தான் பெரிய விஷயம்.

மருதம்:
வைகை, தயவுசெஞ்சு அவசரப்பட்டு நிறுத்திடாதீங்க. மெடிகாப்ல 65 வயசாகி பார்ட் பில (மெடிகேர்ல டாக்டர் ஃபீஸ், வெளிநோயாளி செலவுக்கான பகுதி) சேர்ந்ததும் 6 மாசம்தான் வியாதி பத்தி கேக்காம குடுப்பாங்க, அதுக்கப்புறம் பெரும்பாலான மாநிலங்கள்ல உடம்பப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்ல கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆஸ்திரேலியால புதுசா சேந்தா ஏற்கனவே இருக்குற வியாதிக்கு ஆஸ்பத்திரி கவர் கிடைக்க 12 மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். நாடு எதுவானாலும் விட்டுட்டு திரும்ப வர்றது வயசானவங்களுக்கு லேசு இல்ல.

தென்றல்:
மருதம் சொல்றது சரி, ஆனா எல்லாத்துக்கும் தலையாட்டவும் வேணாம். குளிப்பாட்டி விடுறது, சாப்பாடு ஊட்டுறது மாதிரி தினப்படி பராமரிப்புக்கு மட்டும் ஆள் வெச்சா மெடிகேரும் தராது மெடிகாப்பும் தராது, இருக்குன்னு நம்பிட்டு கடைசில திண்டாடுறவங்க நெறைய. ரெண்டு பாலிசி பேப்பரையும் பக்கத்துல வெச்சு, அரசு எத விடுதோ அத தனியார் குடுக்குதான்னு அம்மாகூட உக்காந்து பாருங்க. ரெண்டும் ஒரே செலவத்தான் கவர் பண்ணுதுன்னா சின்ன பிளானுக்கு மாத்த முடியுமான்னு கம்பெனிலயே கேளுங்க, வெயிட்டிங் பீரியட் மறுபடி ஆரம்பிக்காதுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.