வேம்பு, வாகை இழைக்கும்போது தகடு பொக்கை விழுகிறது: தீட்டும் கோணத்தை மாற்றணுமா?

மரத்தூள், மண்டபம்:
பழைய வல்லத்தில் (நாட்டுப் படகில்) கழற்றிய வாகைப் பலகையும் புது வேம்பும் இழைக்கிறேன். 2 அங்குல இரும்பு இழைப்புளி, தகடு 2 மி.மீ. தடிமன். 25 பாகையில் சாணை பிடித்து, அதே கோணத்தில் கல்லில் தீட்டுகிறேன். வாகையில் கொஞ்ச நேரத்திலேயே முனை பொக்கை விழுகிறது. வேம்பில் ஒரு சாண் வழவழப்பு, அடுத்த சாண் நார் பிய்கிறது. பலகையைத் திருப்பிப் போட்டாலும் அதே கதிதான். நல்ல தகடு வாங்கிவிடலாமா?

உளிச்சத்தம்:
தகட்டில் காசு போடாதீங்க தம்பி. முதலில் பொக்கையை உற்றுப் பாருங்க. அங்கங்கே ஒன்றிரண்டு ஆழமான பள்ளம் என்றால் குற்றம் மரத்தில்தான்: வல்லப் பலகையில் கடல் மணலும் ஒடிந்த ஆணியும் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காந்தம் வைத்துத் தேடுங்க (செம்பு ஆணி காந்தத்தில் சிக்காது, கண்ணால்தான் பார்க்கணும்). மேல்தோலை ஒரு பழைய தகட்டால் எடுத்துவிடுங்க. முனை முழுக்கப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் கோணம் மெல்லிசு. உதிராமல் மடிந்தால் சாணையில் வெந்துபோன தகடு. நீலம் பாய்ந்த இடத்தையும் அதைத் தாண்டி 1 மி.மீ.யும் தேய்த்துத் தள்ளணும். அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டே பிடிங்க.

கடினமரத்துக்கு 25-இல் சாணை பிடித்துவிட்டு, முனையை மட்டும் 33 பாகை அளவில் தீட்டினால் போதும். 35-ஐத் தாண்ட வேண்டாம். கோணமானி இல்லையா? மொத்தச் சரிவும் ஒரே கோணமாக இருந்து, அதன் நீளம் தடிமனைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30. உங்கள் 2 மி.மீ. தகட்டுக்கு 4 மி.மீ.

1000 நம்பர் கல்லில் சரிவுப் பக்கத்தைத் தேய்க்கணும், பின்பக்கம் முழு அகலத்துக்கும் பிசிறு விரலில் தட்டும்வரை. ஒரு ஓரத்தில் தட்டவில்லை என்றால் அங்கே முனை இன்னும் வரவில்லை; அதோடு அடுத்த கல்லுக்குப் போவதுதான் பலரும் செய்கிற தப்பு.

பாம்பன் காத்து:
வேம்பில் நார் பின்னிக்கிடக்கும். அதனால்தான் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிய்கிறது. கூர் மட்டும் அதை அடக்காது. மேல்தகட்டை (வெட்டும் தகட்டின் மேல் திருகிவைக்கும், சீவலை மடக்கி ஒடிக்கும் தகடு) முனையிலிருந்து 0.2 மி.மீ.க்குக் கொண்டுவாங்க. இரண்டு தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது, தெரிந்தால் சீவல் உள்ளே புகுந்து அடைக்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் தகட்டின் தட்டைப் பக்கத்தை 15 பாகை தூக்கி, நைசான கல்லில் சில தேய்ப்பு. இழைப்புளியில் தகடு சாய்ந்திருக்கும் 45 பாகை படுக்கையோடு சேர்ந்து வெட்டும் கோணம் 60 ஆகிவிடும். அப்படி விழும் சரிவுப் பட்டை அரை மி.மீ. கூட வேண்டாம். தள்ளக் கனக்கும், சீவலை மெல்லிசாக்கி, அடியில் மெழுகுவர்த்தி தேயுங்க. இதற்குத் தனித் தகடு வைத்துக்கொள்வது நல்லது, திரும்பத் தட்டையாக்க நிறையத் தேய்க்கணும்.

மரத்தூள்:
நன்றிண்ணே. கல்லுக்குக் கிணற்றுத் தண்ணி ஆகுமா?

உளிச்சத்தம்:
உவர்த் தண்ணி வேண்டாம், ராத்திரிக்குள் முனையில் துரு பூத்துவிடும். குடிதண்ணி ஊற்றுங்க. முடித்ததும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவுங்க. கல் நடுவில் குழிந்திருந்தால் கண்ணாடி மேல் 220 நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத் தொடங்குங்க.