‘கல்டிவார்’: தமிழில் என்ன எழுதுவது?

நுவரெலியாவிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பொன்சாய் (சட்டியில் வளர்க்கும் குறுமரம்) வகுப்புக்கான ஒட்டுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜப்பானிய வெள்ளைப் பைன் பாடத்தில் ‘கல்டிவார்’ (cultivar, மனிதர் தேர்ந்து வளர்த்துப் பேணும் தனிப்பெயருள்ள செடி வகை) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘இனம்’ என்று போட வழியில்லை. பாடநூலில் அது சாதிக்கு (genus) அடுத்த படிக்கு (species) போய்விட்டது.

விஷயம் இதுதான். கொக்கொனோயே, ஸுயிஷோ போன்ற வெள்ளைப் பைன் கல்டிவார்களின் வித்தைப் போட்டு முளைக்க வைத்தால் தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. துண்டம் நட்டாலும் பெரும்பாலும் வேர் பிடிக்காது, ஸுயிஷோ ஓரளவு இணங்கும். ஆகவே கிளை நுனியை ஆப்புப் போலச் சீவி, கரும்பைன் கன்றின் அடித்தண்டைச் சரிவாகக் கீறிச் செருகுகிறோம். இரண்டின் மாறிழையமும் (பட்டைக்கு அடியில் வளரும் மெல்லிய படை) ஒரு பக்கமாவது ஒட்டி நிற்க வேண்டும். கட்டி, பொலித்தீன் பையால் மூடுகிறோம். மண்ணுக்கு நெருக்கமாக ஒட்டுவது முக்கியம். உயரத்தில் ஒட்டினால் கீழே கரும்பைனின் வெடித்த பட்டையும் மேலே வெள்ளைப் பைனின் மெல்லிய பட்டையுமாக, மரம் ஆயுளுக்கும் இரண்டாகத் தெரியும்.

படிக்கப்போவது தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் வாயில் நிற்கிற சொல்லாகத் தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
டீச்சர், ‘கிளைவழி’ என்று எழுதுங்கள். தொல்காப்பியர் ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று தொடங்கி ‘அக்கிளைப் பிறப்பே’ என்று முடிக்கிறார். அங்கே கிளை என்பது சுற்றம், இனத்தொகுதி. கிளைஞர் என்றால் உறவினர். மரத்தின் கொம்பும் கிளைதான். கொம்பால் தொடரும் குடிவழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ‘கிள்’ என்ற வேரிலிருந்து கிள்ளுதல், கிளைத்தல், கிளர்தல் எல்லாவற்றையும் விளக்கலாம் என்பது என் எண்ணம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:
‘ரகம்’ போதுமே. எங்கள் உழவர்கள் நெல் ரகம், கரும்பு ரகம் என்றுதான் சொல்கிறார்கள். யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ரகம் அரபு வழி வந்த சொல், ஐயா. ‘வகை’ இருக்க அது எதற்கு?

தலவாக்கலையிலிருந்து:
டீச்சர், எங்கள் பிள்ளைகளுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். வித்தில் வந்த தேயிலை வேறு, வி.பி. தேயிலை வேறு. தாய்ச்செடியின் ஓர் இலையோடு கூடிய தண்டுத் துண்டை நட்டு எடுப்பதுதான் வி.பி. (vegetative propagation, வித்தில்லாப் பெருக்கம்). தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘டிஆர்ஐ 2025’ என்ற வகை என்றால் எந்த மலையில் நட்டாலும் அதே செடி. ‘வி.பி. மாதிரி’ என்று ஒரு வரி எழுதினால் வகுப்பு முழுக்கப் புரிந்துகொள்ளும்.

பேராதனையிலிருந்து:
எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 352 நெல்லும் கல்டிவார்தான். அது வித்தில்தான் வருகிறது. கிளைவழி, வி.பி. இரண்டும் அங்கே பொருந்தா. 1923இல் அமெரிக்கத் தாவரவியலாளர் பெய்லி ‘கல்டிவார்’ என்ற சொல்லைப் படைத்தபோது மனிதர் வளர்ப்பில் தோன்றி நிலைத்து நிற்கும் வகை என்பதைத்தான் கருதினார். அதனால் ‘வளர்ப்புவகை’. ‘பயிர்வகை’யும் யோசித்தேன், ஆனால் சட்டியில் நிற்கும் பைனைப் பயிர் என்று யாரும் சொல்வதில்லை.

கோவையிலிருந்து:
அப்படியே ‘வெள்ளைப் பைன்’ என்பதையும் மாற்றலாமே? ஜப்பானியர் கொயோமட்சு, அதாவது ஐந்திலைப் பைன், என்கிறார்கள். ‘ஐயூசிப் பைன்’ எப்படி?

தலவாக்கலையிலிருந்து:
நல்ல யோசனை. நம் மலைகளில் நட்ட பைனஸ் காட்டில் பொறுக்கினால் பெரும்பாலும் ஒரு கொத்துக்கு மூன்று ஊசி. கரும்பைனில் இரண்டு, இதில் ஐந்து. எண்ணியே அடையாளம் காணலாம். ஆனால் ‘பைன்’ வேண்டாம், ‘பைனஸ்’ என்றே விடுங்கள். இங்கே பேச்சு வழக்கு அதுதான்.

நுவரெலியாவிலிருந்து:
இரவு பதினொரு மணி. ‘வளர்ப்புவகை’க்குத்தான் கூடுதல் ஆதரவு, அதையே எழுதுகிறேன். ஒட்டுப் பாடத்தில் மட்டும் ‘இவ்வளர்ப்புவகை கிளைவழியே தொடர்வது, வி.பி. தேயிலை போல’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். வளர்ப்புவகைகளின் பெயர்களை ஒற்றை மேற்கோளுக்குள் இடும் மரபு அப்படியே இருக்கும். ஐயூசியை அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஒரு வரிக்காவது நன்றி, டீச்சர். ஆனால் வளர்ப்பு என்றதும் கோழி வளர்ப்பும் மீன் வளர்ப்பும்தான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். நெல்லை ஒரு சொல்லாலும் ஒட்டுமரத்தை வேறொரு சொல்லாலும் குறித்தால் தமிழுக்கு நட்டமில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘கிள்’ பற்றிய மடல் வருகிறது.