மறு: மறு: ஸ்வெல்லுக்கு தமிழ்ல என்ன? "வரத்து அலை" சரியா வருமா

எல்லாருக்கும் வணக்கம். திரி எங்கெங்கயோ போயிடுச்சு, அதனால ஸ்வெல்லுக்கு (swell, தூரத்துப் புயல்ல கிளம்பி, காத்தே இல்லாத கரைக்கும் வந்து சேர்ற நீள அலை) ஒரு தமிழ் வார்த்தை நமக்கு எதுக்கு வேணும்னு முதல்ல ஒருவாட்டி சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொருத்தர் எழுதுனதுக்கும் வர்றேன்.

நம்ம வானிலை அறிக்கை வாசகம் எல்லாருக்கும் மனப்பாடம். குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகள்ல சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65, மீனவர்கள் செல்ல வேண்டாம், அவ்வளவுதான். காத்தைப் பத்தி சொல்ல இது நல்லாவே போதும். ஆனா அலைன்னு வரும்போது நம்ம கையில இருக்கறது கடல் சீற்றம், கடல் கொந்தளிப்பு ரெண்டே ரெண்டு, ரெண்டுமே காத்தடிச்சு கடல் கலங்கி நுரை தள்ளற படத்தைத்தான் மனசுல கொண்டு வரும். ஸ்வெல் வர்ற அன்னைக்கு வானம் பளிச்சுன்னு இருக்கும், காத்தே இருக்காது, கடல் பாக்க எண்ணெய் ஊத்துன மாதிரி வழவழன்னு கிடக்கும், கரைக்கு வர்றப்பதான் திடீர்னு எந்திரிச்சு ஆளை இழுத்துட்டுப் போகும். "சீற்றம்"னு கேட்டவன் வெளிய வந்து வானத்தைப் பாக்கறான், ஒண்ணும் இல்லையேன்னு கடல்ல கால் நனைக்கப் போயிடறான். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்ல மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் அலையில போனாங்களே, அது ஏற்கனவே எச்சரிக்கை விட்டிருந்த சமயம். வார்த்தை சரியா இருந்தா காப்பாத்தியிருக்கலாம்னெல்லாம் நான் சொல்ல வரல, ஆனா எச்சரிக்கையில என்ன வருதுன்னாவது ஜனத்துக்குப் புரியணும் இல்லையா.

இப்ப அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க. இந்தியப் பெருங்கடலோட தெற்குக் கோடியில, 40 டிகிரி தெற்கு அட்சம், அதுக்கும் கீழ, வருஷம் பூரா புயல்காத்து சுத்திக்கிட்டே இருக்கு. அங்க காத்து நாள்கணக்கா தண்ணியத் தள்ளுனதுல கிளம்புற அலை, காத்தை விட்டு வெளிய வந்தப்புறமும் தன்பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கும். 18 செகண்ட் இடைவெளியில வர்ற அலைன்னு வச்சுக்கோங்க, ஆழ்கடல்ல ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர் தூரம், அந்த அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் போல நகரும், அங்கேருந்து கன்னியாகுமரி 5000 கிலோமீட்டருக்கு மேல, ஆக நாலு நாலரை நாள்ல வந்து சேருது. அரை கிலோமீட்டர்ல ரெண்டு மீட்டர் ஏறி இறங்குறது நடுக்கடல்ல போட்ல இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நீள அலைக்கு 250 மீட்டர் ஆழம் வந்ததுமே தரை தட்டுப்பட ஆரம்பிச்சிடும், வேகம் குறையும், முகடுகள் நெருங்கும், கரைகிட்ட உயரம் ஏறும். தேங்காப்பட்டணம் மாதிரி துறைமுக வாசல்கள்ல வள்ளம் கவுறதுன்னா அந்த இடத்துல இந்த மாதிரி அலையும் ஒரு காரணம்.

போற வழியில இது அவ்வளவா தேயாதுங்கறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். 1963ல கடலியல் விஞ்ஞானி வால்டர் மங்க்கும் கூட இருந்தவங்களும் பசிபிக்ல வரிசையா கருவி வச்சு, தெற்குப் பெருங்கடல் புயல்ல கிளம்புன அலைய நியூசிலாந்து, சமோவா, ஹவாய்னு பின்தொடர்ந்து அலாஸ்கா கரை வரைக்கும் பிடிச்சாங்க. வெப்பமண்டலக் கடல் முழுசையும் தாண்டிப் போயிருக்கு பாருங்க. நம்ம பக்கமே 2007 மே மாசம் தென்னாப்பிரிக்காவுக்குத் தெற்கே அடிச்ச புயலோட அலை ரீயூனியன் தீவைப் பந்தாடிட்டு, சில நாள் கழிச்சு மாலத்தீவுல தீவு தீவா தண்ணி ஏத்துச்சு, இந்தோனேசியா வரைக்கும் போச்சு. மாலத்தீவுல அன்னைக்குப் புயல் எதுவும் இல்ல.

இனி வார்த்தைக்கு வருவோம்.

> நேரடியா "வீங்கலை"ன்னு வச்சிட்டா வேலை முடிஞ்சுது

ஐயா, வாய்விட்டு ஒருவாட்டி சொல்லிப் பாருங்க. "இன்னைக்கு கடல்ல வீங்கலை". வீங்கவே இல்லைன்னுதான் காதுல விழும், எச்சரிக்கைக்கு நேர் எதிர்! "தொலையலை"க்கும் இதே கதிதான், தொலையவில்லைன்னு ஆயிடும். "ஓயலை", "நீளலை" எல்லாமே அப்படித்தான். வினைச்சொல்லு கூட அலைய ஒட்டுனாலே பேச்சுத்தமிழ்ல அது "இல்லை"யா மாறிடுது, இதை நாம பொதுவிதியாவே எழுதி வச்சுக்கலாம். "தூரலை"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, அர்த்தம் கச்சிதம், ஆனா வானிலை அறிக்கையில தூறலைப் பத்திதான் பேசறாங்கன்னு நினைப்பாங்க.

> நெட்டலை. நீளமான அலைதானே, நெட்டெழுத்து மாதிரி

அழகான சொல்லு, எனக்கும் ஆசைதான். ஆனா பள்ளிக்கூட இயற்பியல்ல நெட்டலை குறுக்கலைன்னு ஏற்கனவே உக்காந்தாச்சு, அங்க ஒலிதான் நெட்டலை. பிளஸ் ஒன் படிக்கிற பையன் கடலலையும் ஒலி மாதிரின்னு எழுதி வச்சான்னா வாத்தியாருக்கு யார் பதில் சொல்றது? ரேடியோ பக்கமும் சிற்றலை நெட்டலைன்னு ஒரு பழக்கம் இருக்கு. "நெடுந்திரை"ன்னு சொன்னவருக்கு, திரைன்னா அலைன்னு அகராதியில இருக்கு சரி, ஆனா இந்தக் காலத்துல அதைக் கேட்டா ஏதோ புது தியேட்டர்னு டிக்கெட் விலை கேப்பாங்க.

"பேரலை" வேண்டவே வேண்டாம். சுனாமிக்கு ஆழிப்பேரலைன்னு வந்து இருபது வருஷம் ஆச்சு, குளச்சல் பக்கம் போய் பேரலை வருதுன்னு மைக்ல சொன்னா ஊரே ஓடும். 2005 மே மாசம் கேரளக் கரையில இந்த அலை ஏறுனப்போ சுனாமி முடிஞ்சு அஞ்சு மாசம்தான் ஆகியிருந்துச்சு, அப்ப அந்த ஜனம் என்ன பயம் பயந்திருக்கும்னு யோசிங்க.

> கள்ளக்கடல் தான் இருக்கே, எதுக்கு புதுசு?

இதுதான் திரியில வந்ததுலயே கனமான கேள்வி. கேரள மீனவர்கள் சொல்லு, கள்ளன் மாதிரி சொல்லாம கொள்ளாம வர்ற கடல். 2012ல யுனெஸ்கோவே அதை அறிவியல் சொல்லா ஏத்துக்கிச்சு, ஹைதராபாத்ல இருக்கற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் (INCOIS) விடற எச்சரிக்கையிலயும் வருது, நம்ம பத்திரிகைகள்லயும் பரவிடுச்சு (கள்ளக்காதல்னு படிச்சுட்டு கேலி பண்றவங்க ஒரு பக்கம் இருக்கட்டும்). அதை நான் மாத்தச் சொல்லவே மாட்டேன். ஆனா கள்ளக்கடல்ங்கறது கரையில நடக்கற சம்பவம், அலை வந்து கரை ஏறி வீட்டுக்குள்ள புகுறது. ஸ்வெல்ங்கறது அதுக்கு முன்னாடி, வருஷம் முச்சூடும் கடல்ல ஓடிக்கிட்டே இருக்கற சமாச்சாரம். அரை மீட்டர் ஸ்வெல் இருக்கற சாதாரண நாளையும் கள்ளக்கடல்னே சொன்னா, நிஜமா கள்ளக்கடல் வர்ற அன்னைக்கு ஒருத்தரும் காது கொடுக்க மாட்டாங்க. அதோட கப்பல்கள் அனுப்பற வானிலைக் குறிப்புல காத்து எழுப்புன அலை தனி, ஸ்வெல் தனி, ஸ்வெல்லே ரெண்டு திசையில வந்தா ரெண்டையும் தனித்தனியா எழுதறாங்க. இந்தப் பிரிவைத் தமிழ்ல சொல்ல கள்ளக்கடல் உதவாது.

அதனாலதான் "வரத்து அலை"ங்கறேன். மேட்டூர்ல ஒரு சொட்டு மழை இல்லாத நாள்ல நீர்வரத்து ஏறுதுன்னா குடகுல மழைன்னு ஊர்ல எல்லாருக்கும் புரியுது, யாரும் வானத்தைப் பாத்து சந்தேகப்படறதில்ல. வரத்துங்கற சொல்லுலயே "இங்க உண்டானது இல்ல, எங்கேயோ கிளம்பி வருது"ங்கறது இருக்கு, சந்தை வரத்து, வரத்துக் கால்வாய்னு புழக்கமும் இருக்கு. இதுக்கு ஜோடியா உள்ளூர்க் காத்து எழுப்பறதை "காற்றலை"ன்னு வச்சுக்கலாம். வானொலிக் கவிஞர்கள் ஆட்சேபிப்பாங்க, பரவாயில்ல. ஒண்ணே ஒண்ணு, வரத்து அலைன்னு ரெண்டு சொல்லாவே எழுதணும், "வரத்தலை"ன்னு சேத்தா யாரோ ஒருத்தர் தலைன்னு பிரிச்சுப் படிப்பாங்க.

அறிக்கையில போட்டுப் பாத்தேன்:

"குமரிக்கடல்: தென்மேற்கிலிருந்து வரத்து அலை 2 மீட்டர், 18 நொடி இடைவெளி. காற்றலை அரை மீட்டருக்குள். காற்று இல்லாவிட்டாலும் கரையோரத்தில் அலை திடீரென உயரும். கடல் ஏற்ற நேரத்தில் கள்ளக்கடல் வாய்ப்பு உண்டு."

இதுல அந்த 2 மீட்டர்ங்கறது இருக்கறதுலயே பெரிய மூணுல ஒரு பங்கு அலைகளோட சராசரி, தனி அலை ஒண்ணு எப்பவாச்சும் அதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கும் வரும். அந்த உயரத்துக்கு என்ன பேர்ங்கறது தனிச் சண்டை, தனித் திரி போடுங்க, இங்க கலக்க வேணாம்.

பாக் விரிகுடாப் பக்கத்து ஆளுங்க "இப்படி ஒண்ணை நாங்க பாத்ததே இல்லையே"ன்னு எழுதியிருந்தீங்க. நியாயம்தான், தெக்கேருந்து வர்றதை இலங்கை மறைச்சு நிக்குது. அதனால இது முக்கியமா குமரி மேற்குக்கரை, கேரளா, இலங்கையோட தெற்கு, கிழக்குக் கரைச் சொல்லு. அறுகம் குடாவுல சர்ஃபிங் பண்றவங்க பூரா இந்த அலைய நம்பித்தான் வர்றாங்க. அந்தப் பக்கத்து அண்ணன்மார், அக்காமார் யாராச்சும் திரியில இருந்தா சொல்லுங்க, உங்க ஊர்ல "வரத்து"ன்னா முதல்ல எது ஞாபகம் வரும், கடல்ல இறங்கறவங்க வாயில இதுக்குன்னு வேற பேர் ஏற்கனவே இருக்கா? இருந்தா என்னோடத எடுத்துக் கடாசிட்டு அதையே வச்சுக்கலாம்.