பாளையங்கோட்டையில் வீடு: பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் பழைய வீடா, கேடிசி நகர்ப் பக்கம் புது வீடா?

துறைமுகத்தான் (கேள்வி)

வணக்கம். ஒன்பது வருடமாக மேலப்பாளையத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். எனக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை. காலை ஆறரைக்கு இறங்கினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், மகன் யூகேஜி. அம்மாவும் எங்களோடு இருக்கிறார். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி.

மகளின் பள்ளி பாளையங்கோட்டைக்குள். தூரம் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் வேன் ஏழே காலுக்கே வந்துவிடுகிறது. குலவணிகர்புரம் ரயில்வே கேட் எப்போது அடைப்பார்கள், திறந்தபின் நெரிசல் எப்போது கலையும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் விடுப்பில் இருந்த ஒரு நாள் பைக்கில் அந்த வேனுக்குப் பின்னாலேயே போனேன். கேட் அடைத்திருந்தது. வேன் ஜன்னல் ஓரம் மகள் டிபன் டப்பாவை மடியில் திறந்து வைத்து, மத்தியானத்துக்குக் கொடுத்தனுப்பிய இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலை சரியாமல் இருக்க இடது கையால் தாங்கியபடியே அவள் சாப்பிட்டாள். அன்று இரவே வீடு வாங்கும் பேச்சை மனைவியிடம் எடுத்தேன்.

கையில் 19 லட்சம் இருக்கிறது. வங்கியில் 40 லட்சம் வரை கிடைக்கும் என்கிறார்கள். இரண்டு வீடு பார்த்திருக்கிறோம்.

முதலாவது சமாதானபுரம் பக்கம் ஒரு முடுக்கில் (குறுகிய சந்தில்) இருக்கும் பழைய வீடு. இரண்டே முக்கால் சென்ட், 1984இல் கட்டியது. தேக்கு நிலை, நல்ல காற்று, பக்கத்து வீட்டோடு சேர்ந்த ஒரு பொதுக்கிணறு. 56 லட்சம் கேட்கிறார்கள். மகள் நடந்தே பள்ளிக்குப் போகலாம்.

இரண்டாவது கேடிசி நகர் தாண்டிப் புதிய மனைப்பிரிவில், நான்கு சென்ட்டில் புது வீடு. கார் நிறுத்த இடம், மாடிக்கு அகலமான படி. 51 லட்சம். எனக்குத் தூத்துக்குடி பஸ் பிடிக்க வசதி. பிள்ளைகளுக்கு மறுபடியும் வேன்தான்.

சாராள் தக்கர், இக்னேஷியஸ், மேரி சார்ஜென்ட், பையனுக்குச் சவேரியார், யோவான், கதீட்ரல் என்று இத்தனை பள்ளிகள் ஒரே ஊருக்குள் இருக்கும்போது விலை கூடினாலும் உள்ளேயே வாங்குவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி புது வீட்டைச் சொல்கிறாள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முத்திரைத்தாள்

அண்ணாச்சி, ஆவண எழுத்தர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் பதிவுச் செலவைக் காணோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 56 லட்சத்துக்கு 5 லட்சத்து 4 ஆயிரம் ரூபாய். வீட்டு விலையோடு சேர்த்தால் 61 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்களிடம் இருப்பது 59. வங்கி இதற்குக் கடன் தராது, கையிலிருந்துதான் போக வேண்டும். இரண்டு வீடும் 50 லட்சத்துக்கு மேல் என்பதால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து அவர் பெயரில் வருமான வரிக்கு நீங்கள் செலுத்த வேண்டும். மறந்துவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

பழைய வீட்டுக்கு முதலில் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்), அடுத்து முப்பது வருட வில்லங்கச் சான்று. அதைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா தனிப்பட்டாவா, கூட்டுப் பட்டாவா என்று கேளுங்கள். விற்கிறவர்கள் அண்ணன் தம்பிகள் என்றால் கூடப் பிறந்த தங்கை எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். ‘அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், நாங்கள் பேசிவிட்டோம்’ என்ற வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் கோர்ட் படி ஏறுவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து தந்திருக்க வேண்டும். முடுக்கில் நடக்கும் பாதை உரிமையும் கிணற்று உரிமையும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். நாற்பது வருடம் தாண்டிய கட்டடத்துக்கு வங்கி மதிப்பீட்டாளர் போடும் தொகை குறைவாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேச உட்காராதீர்கள்.

புது வீட்டுக்கு மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த அங்கீகார எண்ணை வாங்குங்கள். அங்கீகாரமில்லாத மனை என்றால் 20.10.2016க்கு முன்பு பதிந்ததா, வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண் நஞ்சையா, புஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையம் மழைக்காலத்தில் என்ன பாடு படுகிறது என்று நமக்குத் தெரியும், இடத்தின் பெயரிலேயே குளம் இருக்கிறது.

கணக்கு டீச்சர்

தம்பி, வேன் ஜன்னலில் பார்த்ததை நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். முதல் பாடவேளையில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிவிட்டு மறுபடி வகுப்பைப் பார்த்தால், தூரத்திலிருந்து வருகிற பிள்ளை எது என்று முகத்திலேயே தெரிந்துவிடும். மழை நாளில் இன்னும் நன்றாகத் தெரியும். பாவாடை ஓரம் நனைந்து, நோட்டு நனையாமல் இருக்கப் பையை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் என் வீட்டு விஷயத்தில் நானே தவறு செய்தேன். 1997இல் ஊருக்கு வெளியே எட்டு சென்ட் மலிவாக வந்ததென்று வாங்கிக் கட்டினோம். அப்போது மகள் ஆறாம் வகுப்பு. என்னோடுதான் பள்ளிக்கு வருவாள், அதனால் தூரம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்பில் கோகோ அணியில் சேர்ந்தாள். பயிற்சி ஐந்தரை வரை நடக்கும், அதன்பின் இரண்டு பஸ் மாறி வீடு வர ஏழரை ஆகும். மாமனார் படுக்கையில் இருந்ததால் என்னால் காத்திருந்து அழைத்து வர முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய மாதத்தில் அணிச் சட்டையைத் துவைத்து, தேய்த்து, மடித்துக்கொண்டுபோய் விளையாட்டு டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதே பள்ளியில் வேலை பார்த்த எனக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். பெரியவர்கள் யாரும் கூட வராமல், மாலை ஆறு மணிக்கு உங்கள் மகள் தனியாக வீட்டுக்கு வர முடியுமா? நீங்கள் தூத்துக்குடியில் இருப்பீர்கள். அவள் அம்மா ஷிப்டில் இருப்பாள். அடுத்த ஏழு வருடமும் அப்படித்தான்.

இனிப் பள்ளி விஷயம். பக்கத்தில் வீடு இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும் என்று தரகர்கள் சொல்வார்கள். அந்த ஒதுக்கீட்டில் ஒரு கிலோமீட்டர் தூரக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பெயர் சொன்ன பள்ளிகள் சிறுபான்மையினர் நடத்துபவை. 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த நம்பிக்கையில் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மனைவி நர்ஸ் என்பதால் வீட்டில் டாக்டர் பேச்சு இருக்கலாம், அப்படியானால் இந்த வருடமே யோசிக்க வேண்டியது இது. இன்னொன்று, ஒரே வளாகத்துக்குள் அரசு சம்பளம் கொடுக்கும் தமிழ் வழிப் பிரிவும் இருக்கும், கட்டணம் வாங்கி நடத்தும் ஆங்கில வழி சுயநிதிப் பிரிவும் இருக்கும். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தப் பள்ளியும் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. முதலில் ஆறாம் வகுப்பு இடம் உறுதியாகட்டும். பிறகு அந்தப் பக்கம் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் பிரிவு மாறும்போது பள்ளியே மாறலாம், பையன் போகும் பள்ளி வேறாக இருக்கும். ஒரு பள்ளி வாசலை ஒட்டி வாங்குவதைவிட, நாலைந்து பள்ளிக்கும் நடக்கிற தூரத்தில் இருப்பது நல்லது. பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோமே, ஒரு தாய்க்கு அதில் கிடைக்கும் பலன் இதுதான்.

வெள்ளத்தையும் விசாரியுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் எல்லாம் தாமிரபரணி உள்ளே வந்தது. நீங்கள் பார்க்கும் தெருவில் வயதான ஆச்சி யாராவது இருந்தால் 1992இல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள், கையை வைத்தே காட்டுவார்.

வடக்கு வாசல்

அண்ணா, நான் கேடிசி நகரில் ஐந்து வருடமாக இருக்கிறேன். டீச்சர் அம்மா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் உங்கள் அம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்த இரவு ஆம்புலன்ஸ் எங்கள் திண்ணைவரை வந்தது. முன்பு நாங்கள் குடியிருந்த முடுக்கில் ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியாது. அந்த முடுக்கு எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

பிள்ளைகளை நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். சிறப்பு வகுப்பு இருந்தால் மறுபடியும் போவேன். நான் வீட்டில் இருப்பதால் இது நடக்கிறது. உங்கள் வீட்டில் அதற்கு ஆள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தான்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மாலை மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சமாதானபுரம் போனேன்.

முடுக்கை டேப் வைத்து அளந்தேன். வாய்ப்பக்கம் ஆறரை அடி, ஒரு வீட்டின் படி துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் நாலே முக்கால். ஆட்டோ நுழையாது. தெருவில் இறங்கி வீட்டு வாசல்வரை அம்மா நடந்தார், நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ‘எனக்காகப் பார்க்காதே’ என்றார். பார்க்காமல் எப்படி இருப்பது?

பிறகு மகளை முன்னால் விட்டுப் பள்ளிவரை நடக்கச் சொல்லி, நான் இருபதடி பின்னால் போனேன். பதினேழு நிமிடம். ஒரே ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே கண் பார்வையற்ற மாணவர்கள் மூன்று பேர் வெள்ளைக் கோலோடு கடக்க நின்றார்கள். டவுன் பஸ் டிரைவர் ஹார்ன் அடிக்காமல் நிறுத்தி, அவர்கள் அந்தப் பக்கம் ஏறும்வரை காத்திருந்தார். மகளும் அவர்களோடு சேர்ந்து கடந்துவிட்டாள். நூறு வருடத்துக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இருக்கிற ஊர், சாலைக்கும் அது பழகியிருக்கிறது. இத்தனை வருடம் மேலப்பாளையத்தில் இருந்தும் நான் இதைக் கவனித்ததில்லை.

அந்தப் பழைய வீட்டை விட்டுவிட்டோம். தங்கை மும்பையில் இருக்கிறாராம், கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். புது வீட்டுக்கும் இப்போது அவசரமில்லை. மனைவியிடம் டீச்சர் அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அணிச் சட்டையை மடித்துக் கொடுத்த இடம் வந்ததும், ‘போதும், உள்ளேயே பார்க்கலாம்’ என்றாள். இடம் கேட்டு இரண்டு பள்ளியில் விண்ணப்பம் வாங்கியிருக்கிறோம், அரசுப் பெண்கள் பள்ளியையும் திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறோம்.

ஜூன் மாதத்துக்குள் வாடகைக்கு மாற வேண்டும். சமாதானபுரம், முருகன்குறிச்சிப் பக்கம் தரைத்தளத்தில் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஆட்டோ வாசல்வரை வர வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் போதும்.