துலாவும் கோபுரப் பாரந்தூக்கியும் ஒன்றா?

கொக்குவிலான்:
யாழ்ப்பாண நகரில் எழும்பிக்கொண்டிருக்கும் மாடிக் கட்டடமொன்றின் மேல் நிற்கும் கோபுரப் பாரந்தூக்கியை அண்ணாந்து பார்த்த என் தந்தையார், "இது எங்கள் தோட்டத்துத் துலாதானே" என்றார். இளமையில், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் அந்த நெடுமரத்தின் மேல் நடந்து துலா மிதித்தவர் அவர். ஒருபுறம் நீண்ட கையும் மறுபுறம் கொங்கிறீற்றுக் கட்டிகளும் இருப்பதால் எனக்கும் அவ்வாறே தோன்றியது. துலாவிலிருந்துதான் பாரந்தூக்கி வளர்ந்ததா? கட்டடம் உயர உயர அது எவ்வாறு உயர்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஆடுகால்:
தம்பி, வழி வேறு. பாரந்தூக்கியின் மூலம் துலா அன்று. கப்பியும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையுமே. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், கிரேக்கக் கோயில்களின் கற்களில், தூக்கும் இடுக்கி பிடிப்பதற்காக வெட்டிய குழிகள் காணப்படத் தொடங்குகின்றன. உரோமக் கட்டடக்கலைஞரான விட்ருவியஸ் மூன்று கப்பிகள் கொண்ட பொறியை விவரித்திருக்கிறார். அதில் 150 கிலோகிராம் கல்லை ஏறத்தாழ 50 கிலோகிராம் விசையால் தூக்கலாம், ஆனால் கயிற்றை மூன்று மடங்கு நீளம் இழுக்க வேண்டும்.

உங்கள் தந்தையார் விரும்பக்கூடிய செய்தி இனித்தான் வருகிறது. உரோமரும், பின்னர் இடைக்கால ஐரோப்பியரும், ஆள் உள்ளே நின்று நடக்கும் பெரிய மரச் சக்கரத்தைப் பாரந்தூக்கியுடன் பொருத்தினார்கள். நம்மவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் நிற்பவர் நீரள்ளும் பட்டையைக் கவிழ்ப்பாரே, அதைப்போலவே அங்கும் உடல் எடைதான் விசை. 4 மீற்றர் விட்டமுள்ள சக்கரத்தில் 40 சதமமீற்றர் தடித்த அச்சு இருந்தால், உராய்வை நீக்கிக் கணக்கிடும்போது, விசை பத்து மடங்கு வரை பெருகும். இங்கிலாந்தின் ஹார்விச்சில் 1667இல் கட்டிய அத்தகைய பாரந்தூக்கி இன்றும் நிற்கிறது. முறையான தடை (பிரேக்) இல்லாத சக்கரத்தில் பாரம் கைமீறினால் உள்ளே நடப்பவரின் கதி என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

பொறியியல் மாணவி:
ஆடுகால் ஐயா கூறியதுடன் ஒரு திருத்தத்தையும் சேர்க்கிறேன். துலாவின் வால்பக்கத்துப் பாரம் நீரைத் தூக்க உதவுகிறது; கோபுரப் பாரந்தூக்கியின் கொங்கிறீற்றுக் கட்டிகளோ எதையும் தூக்குவதில்லை. தூக்குவது மின்மோட்டார் சுழற்றும் உருளை. கட்டிகளின் வேலை கோபுரம் முன்னால் கவிழாமல் காப்பதே. அதனால் சுமையில்லாத வேளையில் கோபுரம் பின்புறமாகச் சற்றுச் சாய்ந்தே நிற்கும்.

நீராவிக் காலத்தை விரைந்து கடக்கலாம். 1846இல் வில்லியம் ஆம்ஸ்ட்ரோங் இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுகத்தில் நகரக் குழாய்நீரின் அழுத்தத்தாலேயே பாரந்தூக்கியை இயக்கிக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீடுகளை விரைந்து கட்ட வேண்டியிருந்தபோது, 1949இல் ஹான்ஸ் லீபெர், இடத்துக்கிடம் கொண்டுசென்று எளிதில் நிறுத்தக்கூடிய கோபுரப் பாரந்தூக்கியை உருவாக்கினார்.

உயரும் முறை இதுதான்: கோபுரத்தைச் சுற்றியுள்ள இரும்புக்கூடு, திரவ அழுத்தத்தில் இயங்கும் நீரியல் ஜாக்கியினால் மேற்பகுதி முழுவதையும் ஒரு கோபுரத் துண்டின் அளவுக்கு உயர்த்தும், அந்த இடைவெளிக்குள் புதிய துண்டைத் தள்ளி ஆணியிட்டு முடுக்குவார்கள்.

கொக்குவிலான்:
இருவருக்கும் நன்றி. தந்தையாரிடம் வாசித்துக் காட்டினேன். கட்டிகள் தூக்குவதில்லை என்பதை ஏற்க மறுக்கிறார். அவருக்கு இன்னொரு சந்தேகம்: ஆளில்லாத இரவிலும் அதன் கை திசை மாறுகிறதே?

பொறியியல் மாணவி:
வேலை முடிந்து இறங்கும் இயக்குநர் சுழற்சித் தடையை வேண்டுமென்றே விடுவித்துவிடுவார். பூட்டிவைத்தால் காற்று முழுவதையும் கோபுரம் தாங்க நேரிடும். தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் நாட்களில் பார்க்கச் சொல்லுங்கள், நீண்ட கை வடகிழக்கை நோக்கியிருக்கும்.