‘ஃபர்ஸ்ட்-ரேட்’ கப்பலில் வந்த சொல்

நான்: பெரியமாமா, என் ஆங்கிலக் கட்டுரையின் கீழே ஆசிரியர் ‘ஃபர்ஸ்ட்-ரேட்’ என்று எழுதியிருக்கிறார். அது பாராட்டு என்பது விளங்குகிறது. ஆனால், விலையைக் குறிக்கும் ‘ரேட்’ அதற்குள் எப்படி வந்தது?

பெரியமாமா: மகள், அது கடற்படை தந்த சொல். 17ஆம் நூற்றாண்டிலிருந்து பிரித்தானியக் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு தரங்களாக வகுத்து வைத்திருந்தது. பிற்காலத்தில் பீரங்கிகளின் எண்ணிக்கையே அதற்கு அளவுகோலாயிற்று, கப்டனின் சம்பளம்கூடக் கப்பலின் தரத்தைப் பொறுத்திருந்தது. ‘ரேட்’ என்பதன் வேர், கணக்கிட்டு வரையறுத்த பங்கைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆகவே அது விலைக்கும் பொருந்தியது, தரத்துக்கும் பொருந்தியது. மூன்று தட்டுகளில் 100 பீரங்கிகளோ அதற்கு மேலோ சுமந்த கப்பலையே ‘ஃபர்ஸ்ட்-ரேட்’ என்றார்கள். 1805இல் டிரபால்கர் கடற்போரில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் நின்ற ‘விக்டரி’ அத்தகையது.

சின்னம்மா: அண்ணா, மட்டமான வேலையைத் ‘தேர்ட்-ரேட்’ என்கிறார்களே, அந்தத் தரத்துக் கப்பல்களும் மட்டமானவையா?

பெரியமாமா: இல்லவே இல்லை, தங்கச்சி. டிரபால்கரில் பிரித்தானியரிடமிருந்த 27 பெரும் போர்க்கப்பல்களில் முதலாம் தரத்தவை 3 மட்டுமே. 20 கப்பல்கள் மூன்றாம் தரத்தவை. முதலாம் தரக் கப்பலைக் கட்டவும் அதற்கு ஆள் சேர்க்கவும் பெருஞ்செலவு பிடித்ததால், வலிமையும் ஓட்டமும் ஒருசேர அமைந்த 74 பீரங்கிகள் கொண்ட மூன்றாம் தரக் கப்பல்களையே கடற்படை பெரிதும் நம்பியிருந்தது. கரையிலிருந்தவர்கள் எண்ணை மட்டும் பார்த்து, மூன்றாவது என்றால் மட்டம் என்று கொண்டுவிட்டார்கள். அந்தக் கப்பல்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நான்: எங்கள் ஊரான திருகோணமலைக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா, மாமா?

பெரியமாமா: உண்டு, பிள்ளை. 1795இல் பிரித்தானியர் எங்கள் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த பின், இந்தத் துறைமுகம் அவர்களுடைய கடற்படைத் தளமாயிற்று. எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய ‘டிரின்கோமலி’ என்ற கப்பலைப் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி, 1817இல் கடலில் இறக்கினார்கள். கடற்படைப் பட்டியலில் அது ஐந்தாம் தரம். ஆனால் இருநூறு ஆண்டுகள் கடந்தும், இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் துறையில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது.

சின்னம்மா: ஐந்தாம் தரமா! இத்தனை காலம் நிலைத்த கப்பலை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணா.

நான்: அதன் படம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள், மாமா. நாளை வகுப்பில் ஆசிரியரிடம் காட்ட விரும்புகிறேன்.

பெரியமாமா: இரவுக்குள் தேடி அனுப்புகிறேன். அந்தச் சொல்லை நீ எழுதும்போது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறுகோடு இட மறக்காதே, மகள்.