டாக்டர் எழுதாத வைரஸை நான் எழுதினேன்

சிங்கப்பூரில் கண் கிளினிக் ஒன்றில் கோடிங் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் எழுதும் நோய்க்குச் சர்வதேச நோய்ப் பட்டியலில் (ஐசிடி-10) உள்ள எண்ணைப் போடுவதுதான் அந்த வேலை. துவாஸ் பக்கம் தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருந்த நம்மூர்த் தம்பி ஒருவர் வந்தார். இரண்டு கண்ணும் சிவந்து நீர் வழிந்தது. "அக்கா, ஊர்ல மெட்ராஸ் ஐ வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

டாக்டரின் குறிப்பில் "விழிவெண்படல அழற்சி, இரு கண்கள்" என்று மட்டும்தான் இருந்தது. அதற்குரிய கோட் எச்10.9, அதாவது வகை குறிப்பிடாதது. நானோ தம்பி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, அடினோ வைரஸால் வரும் அழற்சிக்கான பி30.1 போட்டேன். 'வகை குறிப்பிடாதது' என்று போட்டால் வேலையில் அக்கறை இல்லாதவள் போலத் தெரியும் என்று ஒரு எண்ணம்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். சிவப்பு குறையவில்லை. வேறு டாக்டர் பார்த்தார். அரிப்பு இருக்கிறதா என்று கேட்டார், மேல் இமையைப் புரட்டிப் பார்த்தார், ஒவ்வாமையால் வந்த திடீர் அழற்சி என்று எழுதினார். அதற்கு எச்10.1. வைரஸே இல்லை.

வெளியே வந்த தம்பி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்சூரன்ஸ் பேப்பர்ல வைரஸ்னு இருந்துச்சுக்கா. சூப்பர்வைசர் தனி ரூம்ல போட்டுட்டாரு. ஓவர்டைம் எல்லாம் போச்சு." எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அன்று மாலையே மூத்த கோடரிடம் சொல்லி, திருத்திய படிவத்தைக் கம்பெனிக்கு அனுப்பினோம். தம்பிக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அந்த மூத்த அக்கா என்னைத் திட்டவில்லை. புத்தகத்தை எடுத்து வைத்து உட்கார வைத்தார். எச்10 விழிவெண்படலத்துக்கு மட்டும். கருவிழியும் சேர்ந்து அழற்சியானால் எச்16.2. விழிவெண்படலத்தின் அடியில் உள்ள படலம் அழற்சியானால் எச்15.1. வைரஸ் என்று டாக்டர் சொன்னால்தான் பி30 பக்கம் போக வேண்டும். அதிலேயே பி30.3 என்று ஒன்று, ரத்தக்கசிவோடு கூட்டம் கூட்டமாகப் பரவும் கண் நோய்க்கு. அதை உண்டாக்கும் காக்ஸாக்கி ஏ24 வைரஸின் மாற்று வகையை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1970இல், இதே சிங்கப்பூரில் பரவிய நோயின்போதுதான். அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அந்த எண்ணைச் சும்மா போடக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது குறிப்பு போதாமல் இருந்தால் டாக்டரின் அறைக் கதவைத் தட்டிவிடுவேன். வரிசையில் பேஷண்ட் காத்திருக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் "திடீர்", "ஒவ்வாமை" என்று அவர் இரண்டு சொல் சேர்த்தால் போதும், கோட் சரியாகிவிடும். நேரம் கிடைக்கவில்லை என்றால் எச்10.9தான், கூச்சமே இல்லாமல்.

போன மாதம் லிட்டில் இந்தியா பக்கம் தெக்காவிலிருந்து வந்த ஒரு பாட்டியும் "மெட்ராஸ் ஐ"தான் என்றார். டாக்டர் கருவிழியையும் சேர்த்து எழுதினார், எச்16.2 போட்டேன். அப்புறம், உங்கள் கிளினிக்கில் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கிறீர்களா, எழுதிக் கொடுத்துக் கேட்கிறீர்களா? எங்களுக்கு இன்னும் முறையான படிவம் எதுவும் இல்லை.